விளிம்பு பார்க்கிற ஆர்டிஸ்

ஆர்டிஸ் க்ளைன்ஃபெல்டர் ஹாம் என்கிற பன்றித்தொடைக் கறியைச் சீவும்போது தராசைப் பார்ப்பதில்லை. முக்கால் பவுண்டு கேட்டால், இயந்திரத்தில் பத்துப் பன்னிரண்டு இழுப்பு இழுத்து, சீவல்களை மெழுகுத்தாளில் அள்ளி, உள்ளங்கையில் ஒரு தரம் ஏற்றி இறக்குகிறார். பிறகு மேலே இருக்கிற ஒரு சீவலை எடுத்து நீட்டி, "இது உனக்கு, கண்ணு. தின்னுக்கிட்டே போ" என்கிறார். மிச்சத்தைத் தராசில் போட்டால் முக்கால் பவுண்டு இருக்கும். பத்தொன்பது வருடமாக நான் அங்கே வாடிக்கை. இரண்டே முறைதான் கணக்குத் தவறியிருக்கிறது. இரண்டு முறையும் ஆள் வந்து தராசைத்தான் சரி செய்துவிட்டுப் போனான்.

சஸ்குவஹான்னா ஆற்றங்கரையில் இருக்கும் ஷெல்லிஸ் ஃபெரி என்ற எங்கள் ஊரில் சூப்பர் மார்க்கெட் ஒன்றுதான் உண்டு. அதன் இறைச்சிப் பிரிவில் நிற்கும் அறுபத்தாறு வயதுக்காரியைத் தெரியாதவர்கள் ஊரில் கிடையாது. தலையில் வலைத்தொப்பி, தொப்பிக்குள் காதோரமாக ஒரு பென்சில். ஏப்ரனின் இடது பையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் ஒரு பூதக்கண்ணாடி. அந்தக் கண்ணாடியை இரவல் வாங்கினால் கண்ணருகே கொண்டுபோகும்போது ஹாம் வாசனை அடிக்கும். ஹாமுக்கு எதற்குப் பூதக்கண்ணாடி என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். ஆர்டிஸ் பதில் சொல்லமாட்டார். ஹாமுக்கு அது தேவையில்லை என்பது ஒரு காரணம். சொல்ல ஆரம்பித்தால் வரிசை வாசல்வரை நீண்டுவிடும் என்பது இன்னொரு காரணம்.

அவர் சேர்ப்பது பதக்கங்கள். அமெரிக்கா தனி நாடாகி முதல் ஐம்பது அறுபது ஆண்டுகளில் நினைவுக்காக அடித்தவை மட்டும். ஒரு கால்வாய் திறந்தது, ஒரு போரில் ஒரு கப்பல் தப்பியது, பிரான்சிலிருந்து ஒரு தளபதி விருந்துக்கு வந்தது, நல்ல மாடு வளர்த்தவனுக்கு விவசாயச் சங்கம் கொடுத்தது, இப்படி. நாணயம் சேர்க்கக் கூடாதா என்று ஒரு முறை கேட்டேன்.

"நாணயம் எல்லார் பாக்கெட்டுலயும் போய் வந்தது. அதுக்கு யாரையும் தெரியாது. பதக்கம் அப்படி இல்ல. யாரோ ஒருத்தனைக் கூப்பிட்டு, 'நீ நல்லாச் செஞ்சே'ன்னு சொல்லிக் கையில குடுத்தது."

"வாஷிங்டன் தலை போட்டது ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லையே?"

"அவரை எல்லாரும் வச்சிருக்காங்க. அவருக்கு நான் எதுக்கு?"

கணவர் ஜீன் போய்ப் பதினான்கு வருடமாகிறது. அவருடைய சாக்ஸ் இருந்த இழுப்பறைகளில் பச்சைக் கம்பளித் துணி விரித்து நாற்பத்து மூன்று பதக்கங்களை வைத்திருக்கிறார். வெள்ளியில் அடித்தவை டாக்டர்களுக்கும் வக்கீல்களுக்கும் போய்விடும். ஆர்டிஸிடம் இருப்பவை வெள்ளீயமும் செம்பும்தான். கீறலும் கறுப்புமாக இருக்கும். அந்தக் கறுப்பைத் துடைக்கக் கூடாது என்பது அவருடைய முதல் சட்டம். பழைய பெட்டியையோ மரச் சட்டத்தையோ கலைக்கக் கூடாது என்பது இரண்டாவது. ஒரு முறை ஒருவர் பற்பசை போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஒரு பதக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார். "பேஸ்டை எங்க போடணும்னு உங்க வீட்டுல சொல்லித் தரலையா?" என்று கேட்டவர், அதன்பின் இரண்டு மாதம் அந்த மனிதரோடு பேசவில்லை. அவர் ஹாம் வாங்க வந்தபோதும் சீவல் நீட்டவில்லை. அதுதான் ஊருக்குப் பெரிய செய்தி.

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் மாலை தீயணைப்பு நிலையத்தின் பின்கூடத்தில் பதக்கம் சேர்க்கிற எங்கள் சங்கம் கூடும். மொத்தம் பதினொரு பேர். தில்லைநாயகம் என்ற என் பெயரைத் தில் என்று வெட்டி வைத்தது ஆர்டிஸ்தான். உண்மையைச் சொன்னால், நான் முதலில் போனது அங்கே கொடுக்கும், வெல்லப்பாகு ஊற்றிச் சுட்ட 'பை' என்ற பலகாரத்துக்காக. பதக்கத்தில் ஆசை வந்தது பிறகு.

கூட்டத்தில் அவர் வேலை தீர்ப்புச் சொல்வது. ஊரில் பரணைச் சுத்தம் செய்கிறவர்கள் எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆர்டிஸ் முன்பக்கத்தைப் பார்க்கமாட்டார், பின்பக்கத்தையும் பார்க்கமாட்டார். நேரே விளிம்பைத் திருப்பிப் பூதக்கண்ணாடியை வைப்பார்.

"முகத்தை எவனும் பார்த்துப் பார்த்துச் செய்வான். விளிம்புலதான் அவசரப்படுவான்."

அதற்கு விஷயம் இருக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு, அசல் கிடைக்காத பணக்காரர்கள் மின்சாரத்தால் செம்பு படியவைத்து நகல் செய்துகொண்டார்கள். அசலின் முன்பக்கத்துக்கு ஒரு மெல்லிய ஓடு, பின்பக்கத்துக்கு ஒரு மெல்லிய ஓடு. இரண்டையும் உள்ளே ஈயம் விட்டு ஒட்டிவிட்டால் தாயும் பிள்ளையும் ஒரே முகம். அசலில் இருக்கிற கீறல்கூட நகலில் வந்துவிடும். ஒட்டிய கோடு மட்டும் விளிம்பில் மயிரிழையாக நிற்கும். அந்தக் கோட்டைக் கண்டால் ஆர்டிஸ் கண்ணாடியை மடக்கிவிடுவார். "சாண்ட்விச், கண்ணு. அடுத்தது யாரு?" அசலாக இருந்தால் "சரி" என்பார். வேறு வார்த்தை கிடையாது. ஆறுதல் சொல்வது, தண்ணீர் கொடுப்பது எதுவும் கிடையாது. மூஞ்சி தொங்கிப்போய் வெளியேறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பதமாகச் சொன்னால் என்ன என்று எனக்கே அவர்மேல் கோபம் வந்திருக்கிறது.

இத்தனை பேரையும் விரட்டியவருக்கு ஒரு செல்லப் பிள்ளை இருந்தது. 1829இல் எங்கள் ஊர் ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம் கட்டினார்கள். மூன்றே வருடத்தில் பனிக்கட்டி வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. திறந்த அன்று, தூண்களுக்குக் கல் செதுக்கியவர்களுக்குச் செம்பில் பதக்கம் கொடுத்தார்களாம். அதில் ஒன்றே ஒன்றுதான் இன்று இருக்கிறது என்று எங்கள் சங்கத்தின் பட்டியல் சொல்லும். "அறியப்பட்டது: ஒன்று. க்ளைன்ஃபெல்டர்." இருபத்தாறு வருடத்துக்கு முன்பு, இந்தப் பைத்தியம் பிடித்த புதிதில், ஓர் ஏலத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட வாதுமை மரச் சட்டத்துக்குள் இருந்தது. சட்டத்தின் மேல் பழைய கையெழுத்தில் ஒரு காகிதம்: திறக்க வேண்டாம். ஆர்டிஸ் திறக்கவில்லை. சட்டத்தைக் கலைக்கக் கூடாது என்பதுதானே அவருடைய சட்டம். சட்டம் விளிம்பை மூடியிருந்தது. அதைப் பற்றி எங்களில் யாரும் யோசிக்கவில்லை. ஊருக்கடி உபதேசம் உனக்கில்லையடி என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்.

பதினொரு வருடத்துக்கு முந்தைய ஒரு செவ்வாய்க்கிழமை. எல்வுட் ரைஸ்னர் என்ற டயர் கடைக்காரர் அழுக்கு உடையோடு வந்து, கைக்குட்டையை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். அதே பாலப் பதக்கம். நாங்கள் எல்லோரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு நெருங்கினோம். ஆர்டிஸ் தன் சட்டத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாலத்தின் மூன்றாவது வளைவுக்குக் கீழே கடுகளவு ஒரு குழி. இரண்டிலும் இருந்தது.

"ஒரே இடத்துல ஒரே குழி தானா வராது. ஒண்ணைப் பார்த்து இன்னொண்ணைச் செஞ்சிருக்கான்."

எல்வுடின் பதக்கத்து விளிம்பைத் திருப்பினார். சுற்றிலும் அரம் போட்டு ராவியிருந்தது. உள்ளங்கையில் ஏற்றி இறக்கினார். நல்ல கனம்.

"கோட்டை ராவி மறைச்சிருக்கான். கனமா இருக்கு, உள்ள ஈயம். சாண்ட்விச்."

"எங்கம்மாவோட கொள்ளுத்தாத்தா அந்தப் பாலத்துக்குக் கல்லு செதுக்கினவரு. அவருக்குக் குடுத்ததுங்க இது."

"செதுக்கியிருப்பாரு. ஆனா இது அவருக்குக் குடுத்தது இல்ல."

எல்வுட் கைக்குட்டையை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு போனார். பிறகு சங்கத்தின் பக்கம் வரவில்லை. டயர் மாற்ற வேண்டியிருந்தால் நாங்களும் வேறு கடைக்குப் போய்விடுவோம். வெட்கமாக இருந்தது, வேறென்ன.

இந்த ஏப்ரலில் சங்கத்தின் பட்டியலை இணையத்தில் போடுவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பதக்கத்துக்கும் மூன்று படம்: முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு. மூன்றாவது படம் கட்டாயம் என்று மேசையைத் தட்டியவர் ஆர்டிஸ். படம் எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் பல்லுக்குக் கேப் செய்யும் லேபில் இருக்கிறேன். அங்குள்ள கேமரா கடைவாய்ப் பல்லின் வெடிப்பையே காட்டும். விடுமுறை நாளான ஒரு வியாழன் காலை ஆர்டிஸ் சட்டத்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"சட்டத்தைக் கழட்டணுமே," என்றேன்.

"கூடாது."

"விளிம்புக்குப் படம் வேணும். நீங்க போட்ட விதி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மெதுவா" என்றார்.

பல் மெழுகில் பதக்கத்தை நிறுத்திவைத்துத் திருப்பினேன். திரையில் விளிம்பு மலைபோல வந்தது. நடுவே ஒரு கோடு. திருப்பத் திருப்பக் கோடும் கூடவே வந்தது. ஓரிடத்தில் ஈயம் கசிந்து சாம்பல் நிறத்தில் பொட்டு வைத்திருந்தது. கேமரா கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

"பெரிசாக்கு," என்றார் ஆர்டிஸ் என் தோளுக்குப் பின்னாலிருந்து.

பெரிதாக்கினேன்.

"இன்னும்."

அதற்குமேல் போகாது என்றேன். அவர் மெழுகிலிருந்து பதக்கத்தைப் பிடுங்கினார். இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக அது அவர் உள்ளங்கைக்கு வந்தது. ஒரு தரம் ஏற்றி இறக்கினார். "உள்ள பாதி காலி," என்றார். அழுதுவிடுவார் என்று காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்போ எல்வுடோடது?"

"உங்களோடது நகல்னா அவரோடது அசல்னு ஆயிடாது. ரெண்டுமே நகலா இருக்கலாம்," என்று இழுத்தேன்.

"நான் பார்த்தேன், தில். அதுல கோடு இல்ல. ராவினது மட்டும்தான். யாரோ ஒரு பொம்பளை அதைச் சங்கிலியில போட விளிம்பைச் சுத்தி வளையம் கட்டியிருப்பா. பின்னால வளையத்தைக் கழட்டி ராவியிருப்பாங்க. அவ்வளவுதான். எனக்குக் கோடு வேணும்னு இருந்துது. இல்லாத கோட்டை மறைச்சுட்டாங்கன்னு சொல்லிட்டேன்." கைப்பையை எடுத்தார். "வண்டியை எடு."

போனில் சொல்லிவிடலாமே என்றதற்கு, "போன்ல சொல்ற விஷயமா இது?" என்றார். வழியில் தன் கடையில் நிறுத்தச் சொல்லி லெபனான் பொலோனா என்ற எங்கள் பக்கத்து மாட்டிறைச்சி சாசேஜில் ஒரு பவுண்டு சீவி வாங்கிக்கொண்டார். வெறுங்கையோடு போகக் கூடாதாம். பதினான்கு மைல் தூரம் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

எல்வுட் ஒரு பிக்கப் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்தார். எழுபதைத் தாண்டியிருந்தார். அடையாளம் தெரிந்ததும் முகம் இறுகியது.

"பதக்கத்தம்மாவா? என்ன, இப்ப டயர்லயும் போலி புடிக்கறீங்களா?"

"எல்வுட், நான் தப்பாச் சொல்லிட்டேன். என்னோடதுதான் சாண்ட்விச். உன்னோடதைப் பார்த்துத்தான் அதைச் செஞ்சிருக்கான். உன்னோடது அசல்."

எல்வுட் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அன்னிக்கு ராத்திரி நான் எங்க போனேன் தெரியுமா? எங்கம்மா இருந்த முதியோர் இல்லத்துக்கு. 'நீ சொன்னதெல்லாம் பொய்யாம்மா, டவுன்ல சொல்லிட்டாங்க'ன்னு அவகிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தா. அந்தப் பாலத்தைப் பத்தி அவ வாயே திறக்கல."

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஆர்டிஸ் அவரையேதான் பார்த்துக்கொண்டு நின்றார். மன்னிப்பு என்ற வார்த்தையை அவர் சொல்லவில்லை. சொன்னால் மிகச் சின்னதாக இருந்திருக்கும்.

"உங்கம்மா பேரு என்ன?"

"வெல்மா."

ஆர்டிஸ் சாசேஜ் பொட்டலத்தை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். பென்சிலால் க்ளைன்ஃபெல்டர் என்பதை அடித்து, மேலே 'வெல்மா ரைஸ்னர் வீட்டார்' என்று எழுதி எல்வுடிடம் காட்டினார். அவர் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி உதடு அசைந்தது.

"அது இப்ப எங்க இருக்கு?" என்று ஆர்டிஸ் கேட்டார்.

எல்வுட் பதில் சொல்லுமுன் ஒரு லாரிக்காரர் அவசரமாக உள்ளே வந்தார். "அண்ணே, கக்கூஸ் சாவி." எல்வுடின் கை பழக்கத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த ஆணிக்குப் போய்ச் சாவியை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு அப்படியே நின்றது. சாவியை யாரும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடாமல் இருக்க, பெரிய எதையாவது அதில் கோத்துவைப்பது நெடுஞ்சாலைக் கடைகளின் வழக்கம். சிலர் மரக் கரண்டி, சிலர் உடைந்த பிஸ்டன். எல்வுடின் சாவியில் செம்பு வட்டு ஒன்று தொங்கியது. அதன் மேல் பாலம்.

"குடுங்கண்ணே, தாங்காது," என்று லாரிக்காரர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

ஆர்டிஸ் அறுபத்தாறு வயதை மறந்து பின்னாலேயே ஓடினார். கதவு சாத்திக்கொண்டது. கதவோடு வாயை வைத்து, "கீழ போட்டுடாதே, கண்ணு," என்றார்.

"எதை?"

"கையில இருக்கறதை. அது ஆயிரத்து எண்ணூத்து இருபத்தொம்பது."

"அம்மா, ஒரு மனுஷனை நிம்மதியா இருக்க விடும்மா."

எல்வுடுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டா வெறுப்பாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஆர்டிஸ் மட்டும் பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன்போல நின்றுகொண்டிருந்தார்.

லாரிக்காரர் வந்து சாவியை நீட்டிவிட்டு, எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார். ஆர்டிஸ் அதைத் துணியில் வாங்கினார். பதினொரு வருடக் கிரீஸ் கைகள் மேடுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தன. பாலத்துக்கு மேலே வானத்தில் ஓர் ஓட்டை. பூதக்கண்ணாடியை எடுத்து, விளிம்பைச் சுற்றி மெல்லத் திருப்பினார். ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

"சரி," என்றார்.

"ஓட்டை நான்தான் போட்டேன்," என்றார் எல்வுட். "லேசுல இறங்கல. ஈயமா இருந்தா வெண்ணெய்ல இறங்கற மாதிரி இறங்கணுமேன்னு அப்பவே தோணிச்சு. கோவம். யோசிக்கல."

சாவியைக் கழற்றிவிட்டு, ஆர்டிஸ் பதக்கத்தை எல்வுடின் கையில் வைத்து விரல்களை மூடினார். எல்வுட் சட்டைப் பையில் போட்டு, பையின் பொத்தானையும் போட்டார். மேசைமேல் சாவி தனியாகக் கிடந்தது.

"இதை எதுல கோக்கறது? வெறும் சாவியைக் குடுத்தா சாயந்திரத்துக்குள்ள காணாமப் போயிடும்."

ஆர்டிஸ் கைப்பையைத் திறந்து, துண்டைப் பிரித்துத் தன்னுடையதை எடுத்தார்.

"ட்ரில் எங்க வச்சிருக்கே?"

"ஐயோ, வேண்டாம்மா. நகலானாலும் அதுவும் நூத்தம்பது வருஷப் பழசு," என்றார் எல்வுட். நானும் ஏதோ சொன்னேன். ஆர்டிஸ் எங்கள் இருவர் பேச்சையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பட்டறை மேசைக்குப் போய், பதக்கத்தைத் துணி சுற்றி இடுக்கியில் இறுக்கி, பாலத்துக்கு மேலே இடம் பார்த்து ட்ரில்லை அழுத்தினார். சட்டென்று இறங்கியது. செம்புத் துகளுக்குப் பின்னால் சாம்பல் நிறச் சுருள்கள் வந்து மேசையில் உதிர்ந்தன. அவற்றை ஊதித் தள்ளிவிட்டு, சாவி வளையத்தைக் கோத்து, கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். பின்பக்கம் தெரிந்தது. கையை எட்டி, பாலம் தெரியும்படி திருப்பி வைத்தார்.